சத்தம் வராத கேமரா

மீட்டர்க்காரர் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. காதோரம் வைத்துப் பொத்தானை அமுக்கினார்.

கேமராக் கடைத் தம்பி இப்படி ஓர் ஆளை அன்றைக்குத்தான் பார்க்கிறான். கேமராவா, கைக்கடிகாரமா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வாரத்தில் ஆறு நாள் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணங்களைப் படம் எடுக்க ஆரம்பித்து, இப்போது தெரியாதவர்களும் கூப்பிடுகிறார்கள். மச்சான்காரன் 'அரை போட்டோகிராபர்' என்று பேரே வைத்துவிட்டான்.

அரையை முக்கால் ஆக்கத்தான் வந்திருக்கிறார் என்று தம்பி நினைத்துக்கொண்டான். கல்யாணத்துக்கு இது, விளையாட்டுக்கு இது, பறவைக்கு இது என்று கண்ணாடி மேஜை நிறையப் பரப்பினான். ஒவ்வொன்றின் பெருமையையும் கடகடவென்று ஒப்பித்தான்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சத்தம் வரக் கூடாது.

அவருடைய பழைய கேமராவுக்குள் ஒரு கண்ணாடி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் அது மேலே போய்க் கீழே விழும். 'டக்'. கல்யாணக் கூட்டத்தில் அது யார் காதிலும் விழாது.

போன மாதம் ஓர் ஆஸ்பத்திரி அறையில் விழுந்தது.

நர்ஸ் ஒருத்தி கேட்டுக்கொண்டதால் போயிருந்தார். பிறந்து சில மணி நேரமே ஆன பெண் குழந்தை, அம்மாவின் மடியில். 'டக்' என்றதும் அந்த அம்மா சட்டென்று குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி 'டக்'. மறுபடி குனிந்தாள். நாலாவது படத்தோடு, போதும், தயவுசெய்து வெளியே போங்கள் என்றுவிட்டாள்.

நாலே படம். மூன்றில் அவள் முகமே இல்லை, குனிந்த தலைதான்.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கேமராவோடு இனி அப்படிப்பட்ட அறைக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று மனைவியிடம் சொன்னார்.

இன்று காலை அதே நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். ஆறாம் நம்பர் அறை, நாலு மணிக்குள் வர வேண்டும், அதற்குமேல் குழந்தையை அங்கே வைத்திருக்க விடமாட்டார்கள். முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நல்ல கேமரா கிடைத்தால் வருகிறேன் என்றார்.

இப்போது மணி மூன்று.

இதில் பாதியைத்தான் தம்பியிடம் சொன்னார். குழந்தைப் படம், சத்தம் வந்தது, அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

தம்பி சிரித்தான். தூங்குகிற பிள்ளையை எழுப்பினால் எந்த அம்மாதான் சும்மா விடுவாள் என்று, உள்ளே கண்ணாடியே இல்லாத கேமரா ஒன்றை எடுத்து நீட்டினான்.

காதோரம் வைத்து அமுக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. எடுத்ததா என்றே தெரியவில்லை.

எடுத்திருந்தது. ஆனால் படத்தின் குறுக்கே கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள். ட்யூப் லைட் செய்கிற வேலை அது. அது விட்டு விட்டு எரிவது, நம் கண்ணுக்குத்தான் நிற்காமல் எரிகிறது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. ஆஸ்பத்திரி அறையிலும் ட்யூப் லைட்தான்.

படம் எடுக்கிற வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. பட்டை போய்விட்டது. சத்தமும் இல்லை.

தம்பிக்கு மனசு கேட்கவில்லை. நல்ல பிள்ளை. குழந்தைகளுக்கு இந்த வேகம் ஆகாது, கையையும் காலையும் உதைத்துக்கொண்டே இருக்கும், படமெல்லாம் கலங்கிவிடும் என்று இதற்கும் மேலான மாடலைக் காட்டினான். தன் வீட்டிலும் மூன்று மாதப் பெண் இருக்கிறாள், ஒரு நிமிஷம் சும்மா கிடக்க மாட்டாள் என்று போனைத் திறந்து அவர் கையில் கொடுத்தான்.

எல்லாப் படத்திலும் குழந்தையின் கை வெறும் புகையாக இருந்தது. ஒன்றில் முகமே இரண்டாகத் தெரிந்தது.

அவர் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வெகுநேரம் பார்த்தார். இதைவிட நல்ல படம் எடுக்கத் தனக்கு வராது என்று தோன்றியது.

கையில் இருக்கிற கேமராவே போதும் என்றார்.

பில் போட்டுவிட்டுத் தம்பி கேட்டான்.

"எங்க வீட்டுக்கும் ஒரு நாள் வாங்கண்ணா, பாப்பாவ அழகா எடுத்துக் குடுங்க. உங்க நம்பர் சொல்லுங்க."

கல்யாண வீட்டில் கை கழுவப் போகிறவரையும் நிறுத்தி நம்பர் கொடுக்கிற மனுஷர். கார்டு சட்டைப் பையிலேயே இருந்தது. அதை எடுக்கவில்லை.

"நான் வேணாம் தம்பி. நீங்க போன்லயே எடுங்க. பாப்பா நல்லா அசையட்டும்."

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. போகட்டும், புரிய வேண்டாம்.

ஆறாம் நம்பர் அறைக்குள் நர்ஸ் அவரை விட்டுக் கதவைச் சாத்தினாள். இந்த முறை பையன். பிறந்தபோதும் அழாதவன். அம்மா அவனை மார்போடு சேர்த்து அணைத்திருந்தாள். அவர் எடுத்துக்கொண்டே இருந்தார். அவள் ஒரு தடவைகூடச் சட்டென்று குனிந்து பார்க்கவில்லை. சத்தம் கேட்டுக் கண் திறந்துவிட்டானோ என்று பார்க்க, சத்தம்தான் இல்லையே.

பதினோரு படம் எடுத்தார். ஒன்றுகூடக் கலங்கவில்லை.