காலை எடுக்காதே

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடி."

"பிடிச்சிட்டேன்."

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த வெர்னா, பின்சக்கர பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்றும் நிப்பிளை ஸ்பேனரால் கொஞ்சமாகத் திறந்தாள். பிரேக் ஆயில் குமிழ் குமிழாகக் குழாயில் இறங்கி, வெள்ளரி ஊறுகாய் தீர்ந்துபோன பாட்டிலுக்குள் விழுந்தது. மூடினாள்.

"விடு."

மேலே பெடல் கிறீச்சென்று எழும்பியது.

காலையிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

ஒரு மாதமாகப் பின்சக்கரத்தில் பிரேக் தேய்ந்து, இரும்போடு இரும்பு உரசிக் கத்தியிருக்கிறது. ஆர்லன் சொல்லவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறான். நேற்று பிரேக் டிரம்மைக் கழற்றிய பிறகுதான் வெர்னாவுக்குத் தெரிந்தது.

அந்த வீட்டில் ஓட்டுவது ஆர்லன், பழுது பார்ப்பது வெர்னா. கல்யாணமான நாளிலிருந்து ஏற்பாடு அப்படி.

நாளை மத்தியானம் மகள் டெனிஸ் கைக்குழந்தையோடு பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். மலையிலிருந்து பஸ் நிற்கும் ஊர் வரை ஒரே இறக்கம். இருப்பது இந்தக் கிழட்டு பிக்கப் ஒன்றுதான். அதன் பிரேக்கில் ஒரு குமிழ் காற்றுகூட இருக்கக் கூடாது.

நிப்பிள் திறந்திருக்கும்போது பெடலிலிருந்து காலை எடுத்தால் காற்று உள்ளே ஏறிவிடும். மறுபடி முதலிலிருந்து. அதனால் கீழே இருப்பவர் சொல்லும்வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது.

எதிலும் அசட்டையான ஆர்லன் இதில் மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

"தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு வெர்னா. நேத்து டிரம்மைத் தூக்கினேன்ல. ஒரு காபி குடிச்சிட்டு வந்து பாப்பமா?"

"ஒரு மாசமா ரேடியோ கேட்டியே, இன்னும் கொஞ்ச நேரம் கேளு."

"உத்தரவு, முதலாளியம்மா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வரவிடவில்லை.

"இதுதான் கடைசி. அமுக்கு."

"ம்."

"பிடி."

சற்றுப் பொறுத்து வந்தது. "ம்."

திறந்தாள். ஒரு குமிழ். இன்னொன்று. பிறகு தெளிவான ஆயில். மூடப் போகையில் எண்ணெய்க் கையிலிருந்து ஸ்பேனர் வழுக்கி, சக்கரத்தைத் தாண்டி உருண்டது.

"காலை எடுத்துராத! ஸ்பேனர் விழுந்திருச்சு!"

மேலேயிருந்து சத்தமில்லை. துரைக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டாள்.

புரண்டு, கையை நீட்டி, சரளைக் கற்களுக்குள் துழாவி எடுத்தாள். திரும்ப ஊர்ந்து வந்து நிப்பிளை மூடி இறுக்கினாள்.

'விடு' என்று சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் அமுக்கிக்கொண்டே இருக்கட்டும். ஒரு மாதம் மறைத்தவன்தானே.

குழாயை உருவினாள். நிப்பிளுக்கு ரப்பர் மூடியைப் போட்டாள். ஒவ்வொரு விரலாகத் துணியில் துடைத்தாள். பாட்டிலைத் தூக்கி, அழுக்கு ஆயில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்த்தாள்.

பெடல் கிறீச்சிடவே இல்லை. பிடிவாதக்காரன். இப்போது சிரிப்பு வந்தது.

வெளியே ஊர்ந்து வந்து, முதுகுத் தூசியைத் தட்டியபடி ஓட்டுநர் பக்கம் போனாள்.

"என்ன, கால் மரத்துப்போச்சா?"

ஆர்லனின் முகம் சாம்பலாக இருந்தது.

கதவைத் திறந்துபோட்டிருந்தான். பனி மலையிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் அவன் மோவாயிலிருந்து வியர்வை சொட்டியது. இடது கை யாருடையதோ போல மடியில் கிடந்தது. வலது கை ஸ்டீயரிங்கைப் பற்றியிருந்தது. முழங்கால் நடுங்கியது. பூட்ஸ், பெடலைத் தரையோடு தரையாக அழுத்தியிருந்தது.

அவன் தலையைத் திருப்பவில்லை.

"விடலாமா?" என்றான்.

வெர்னா போனைத் தேடி ஓடவில்லை.

ஆம்புலன்ஸ் இதே மலையேறி வந்து, இதே மலையிறங்கி ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்குள் என்ன ஆகும் என்பது அங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அவனை இரண்டு கைகளாலும் நீள சீட்டில் அந்தப் பக்கம் தள்ளினாள். பெடல் கிறீச்சென்று எழும்பியது. சக்கரத்துக்கு வைத்திருந்த கட்டையை உதைத்து எறிந்தாள். ஏறினாள். எந்தக் கதவை மூடினாள், எதை மூடவில்லை என்று தெரியவில்லை.

முதல் வளைவு வந்தபோதுதான் நினைவு வந்தது. பிரேக்கைச் சோதிக்கவில்லை. புது பிரேக்கை வாசலிலேயே மெதுவாக உருட்டி, நாலு தடவை அமுக்கிப் பார்க்காமல் அவள் யாரையும் ரோட்டில் ஏறவிட்டதில்லை.

எதிரே வானம் மட்டும் தெரிந்தது.

அமுக்கினாள்.

பெடல் கல்லாக நின்றது. ஒரு குமிழ் காற்று இல்லை. வண்டி அடங்கி, வளைந்து, மலையோடு ஒட்டிக்கொண்டு இறங்கியது.

அவள் ஸ்பேனரைத் தேடிய நேரமெல்லாம் அவன் பிடித்திருக்கிறான். அவள் விரல் துடைத்த நேரமெல்லாம்கூட.

திரும்பிப் பார்த்தாள். ஆர்லனின் கண்கள் மூடியிருந்தன. அவன் வலது பூட்ஸ் மட்டும், பெடலே இல்லாத வெறும் தரையை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

அப்போது சொல்லாமல் வைத்துக்கொண்ட சொல் அவள் வாய் வரை வந்தது. விழுங்கினாள்.

"பிடி," என்றாள். "பிடிச்சுக்கோ ஆர்லன். நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காத."

'ம்' வரவில்லை.

பூட்ஸ் அழுத்தியபடியே இருந்தது.