மறக்கடித்தல்

கழிவறைக் கதவைத் தாழிட்டுவிட்டுக் குப்பியைத் திறந்தாள்.

வேப்பெண்ணெய் வாடை முதலில் அவள் தொண்டையில்தான் கசந்தது. ரயிலின் ஆட்டத்துக்கு ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் இரண்டு காம்புகளிலும் தடவினாள்.

வெளியே குழந்தை அழுதது. எதிர் இருக்கைத் திண்டுக்கல்காரியின் இடுப்பில் இருந்தபடி கதவைத் தட்டியது.

நேற்றே செய்திருக்க வேண்டும். போன வாரமே. போன மாதமே.

ஒவ்வொரு இரவும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். கடைசியில் இந்தப் பகல் ரயில்தான் மிஞ்சியது.

வள்ளியூரில் அக்கா காத்திருப்பாள். குழந்தையை அவளிடம் விட்டுவிட்டு நாளையே திரும்ப வேண்டும். காவலர் பயிற்சி. ஏழு மாதம். மூன்றாவது முறை எழுதிக் கிடைத்த வேலை.

அக்கா ஃபோனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்.

“கோமுக்குப் பால மறக்கடிச்சுக் கூட்டிட்டு வாட்டி. பாலுக்கு ஏங்குத பிள்ளைய நான் எதக் குடுத்து அமத்துவேன்?”

கதவைத் திறந்தாள். குழந்தை அப்படியே அவள்மேல் தாவியது.

இட்லியைத் தட்டிவிட்டது. பிஸ்கட்டைக் கடித்துத் துப்பியது. துப்பட்டாவைப் பிடித்து இழுத்து இழுத்து அழுதது. விழுப்புரத்தில் ஏறியவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

“இவ போடுற சத்தத்துக்கு ரயிலு ஆரனே அடிக்க வேணாம் போல,” என்றாள் திண்டுக்கல்காரி. “பாலக் குடுத்தா என்னத்தா?”

“மறக்கடிக்கேன்.”

“ரயில்லயா?”

“நாளக்கழிச்சு ட்ரெயினிங்ல சேரணும். போலீசு.”

திண்டுக்கல்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஊரையே அதட்டப் போறவ. இத்தூண்டுக்குப் போய்ப் பயப்படுறியே.”

விருத்தாசலம் தாண்டியது. குழந்தையின் குரல் கம்மிவிட்டது. அழுகை நின்று விக்கல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

எப்படியும் கடந்துதான் ஆக வேண்டும். அவள் துப்பட்டாவை விரித்துப் போர்த்திக்கொண்டாள்.

குழந்தை ஆவலாய் வாய் வைத்தது.

எடுத்தது.

முகம் சுருங்கியது. நாக்கை வெளியே நீட்டிப் புறங்கையால் தேய்த்தது.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். வீறிடும் என்று காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது குழந்தை துப்பட்டாவுக்குள் குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. எண்ணெய் மினுக்கத்தை ஒரு விரலால் தொட்டது. விழுந்து சிராய்த்துக்கொள்ளும்போதெல்லாம் அதன் முழங்காலில் அவள் தடவுவதும் எண்ணெய்தான்.

“ம்மா... உவ்வா?”

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை.

குழந்தை உதட்டைக் குவித்து ஊதியது. காற்றைவிட எச்சில்தான் அதிகம் தெறித்தது. மறுபக்கமும் ஊதியது. பிறகு துப்பட்டாவை இழுத்து மூடி, மேலே தட்டிக்கொடுத்தது.

திண்டுக்கல்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் குழந்தை கேட்கவே இல்லை.

இட்லி தின்றது. ஜன்னல் கம்பியை நக்கியது. போகிற வருகிற டீக்காரர்களுக்கெல்லாம் டாட்டா காட்டியது. திண்டுக்கல் நெருங்கும்போது அவள் தொடையில் தலை வைத்துத் தூங்கிப்போனது.

இறங்கும் முன் அந்தப் பெண் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு விரலை முத்திக்கொண்டாள்.

“மறந்துருச்சு பாத்தியா. இம்புட்டுத்தான். நீ ஒழுங்கா ட்ரெயினிங்கப் பாரு.”

அவள் தலையாட்டினாள்.

மதுரை தாண்டியதும் பால் கட்டிக்கொண்டது. கல்லாய்க் கனத்து, தோள்வரை வலித்தது. துப்பட்டாவுக்கு அடியில் மேல்சட்டை நனைந்தது.

தூங்கும் முகத்தைப் பார்த்தபடியே வந்தாள்.

கோவில்பட்டியில் தண்ணீர் பாட்டிலைத் துண்டின்மேல் கவிழ்த்தாள். துப்பட்டாவுக்குள்ளேயே துடைத்தாள். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசந்தது. மறுபடி துடைத்தாள். தோல் எரியும்வரை துடைத்தாள்.

ஒரே ஒரு தடவை. வள்ளியூர் வருவதற்குள். அக்காவுக்குத் தெரியப்போவதில்லை.

திருநெல்வேலியில் ரயில் நின்ற குலுக்கலில் குழந்தை விழித்தது. அவள் அதைத் தூக்கி மடியில் கிடத்திக்கொண்டாள். துப்பட்டாவைத் தானே விலக்கினாள்.

“குடி கோமு,” என்றாள். “ஒண்ணுமில்ல. குடி.”

குழந்தை அவள் முகத்தைப் பார்த்தது. மார்பைப் பார்த்தது. மறுபடியும் முகத்தைப் பார்த்தது.

வாய் வைக்கவில்லை. உள்ளங்கையை மட்டும் மேலே வைத்தது.

அழுத்தாமல்.