இன்னும் ஓர் அலசல்

"பச்சைக் குழந்தைங்க உடம்புல படுற துணி, மேஸ்திரி. உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

சாயப்பட்டறையின் நடுவே நின்று, உள்ளங்கை அகலச் சட்டை ஒன்றை மூக்கருகே பிடித்தபடி கேட்டாள் கடைக்கார அம்மாள். குழந்தைகளுக்கான துணி மட்டுமே விற்பவள். சரக்கைத் தானே நேரில் சோதித்தாலன்றி ஏற்பதில்லை என்னும் உறுதியினால், தொலைவிலுள்ள பெருநகரத்திலிருந்து ரயிலேறி வந்திருந்தாள்.

"ரெண்டு தடவை அலசியாச்சும்மா. ஒரு நாள் வெயில்ல போட்டா சாய வாசம் போயிடும்," என்றார் மேஸ்திரி, அவள் முகத்தைப் பாராமல்.

"சாக்குப்போக்கு எல்லாம் வேண்டாம். இன்னும் மூணு அலசல். இல்லேன்னா மொத்தச் சரக்கையும் நீங்களே வெச்சுக்குங்க. இனிமே இந்தப் பக்கம் ஆர்டரும் வராது."

தொட்டியருகே நின்ற தொழிலாளி சிரித்தான். "இன்னும் மூணு அலசினா சட்டை கரைஞ்சு பித்தான்தாம்மா மிஞ்சும்!"

மேஸ்திரி அவனைப் பார்வையாலேயே அடக்கினார். இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் பட்டறைக்குப் பூட்டு. அவன் வீட்டு அடுப்புக்கும் சேர்த்துத்தான்.

"ஒண்ணே ஒண்ணு போதாதாம்மா?" என்று கெஞ்சினார்.

"தண்ணியில கூடவா கஞ்சத்தனம்? எங்க ஊர் ஆத்தங்கரையிலயும் இதே மாதிரிப் பட்டறைங்கதான் வரிசையா இருந்துச்சு. தெருவுல உக்காந்து போராடி மூட வெச்சோம். நானும் போனேன். இப்ப வந்து பாருங்க, தண்ணி கண்ணாடி மாதிரி ஓடுது."

"தெரியும்மா. அங்கேருந்து பேத்துக் கொண்டாந்த தொட்டிங்கதான் இதெல்லாம்."

அதை அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "கடைசியா கேக்குறேன். அலசுவீங்களா, மாட்டீங்களா?"

மேஸ்திரி கைபேசியை எடுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். அம்மாள் விடவில்லை.

"யார்கிட்ட ரகசியம்? முதலாளிகிட்ட என்னைப் பத்திக் கோள் சொல்லவா? ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்குறேன்."

"என் மகளுக்கும்மா. ஆறு ஓடுற பக்கமா, நமக்குக் கீழ குடியிருக்கா." அம்மாள் சொன்னபடியே ஸ்பீக்கரை அழுத்தினார். "அம்மாடி, அப்பா பேசுறேன். இன்னும் கொஞ்ச நேரத்துல துணி அலசின சாயத் தண்ணிய மூணு தொட்டி ஆத்துல தொறந்துவிடப் போறேன். இப்பவே போய் குடம், வாளி எல்லாத்துலயும் மொண்டு வெச்சுக்கோ. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்லிடு."

மறுமுனையில் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

"மேல இருக்கிற பட்டறைக்காரங்க விடியுறப்பவே தொறந்துட்டாங்கப்பா. ஆறு ஊதாவா வருது. முன்னாடி மொண்டு வெச்சதும் தீந்துபோச்சு. புள்ளைக்கு உடம்பெல்லாம் தடிச்சுப்போய்க் கெடக்கு, தொட்டா வீறிடுறான். இனிமே எந்தத் தண்ணியிலப்பா அவனுக்குப் பால் கரைக்கட்டும்?"

மேஸ்திரி அழைப்பைத் துண்டித்துவிட்டு அம்மாளைப் பார்த்தார்.

அம்மாளின் கையிலிருந்த சட்டை மெல்லத் தாழ்ந்தது. கண்கள் கலங்கின. பட்டறையில் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு, அவள் வாயிலிருந்து வரப்போகும் சொல்லுக்காகக் காத்திருந்தனர்.

"நானும் புள்ள பெத்தவதான் மேஸ்திரி. கேக்கக் கேக்கப் பெத்த வயிறு பத்தி எரியுது," என்று கைக்குட்டையால் கண்களை ஒற்றிக்கொண்டாள். பின்பு, மனமிரங்கிச் சொன்னாள்:

"மூணு வேண்டாம். இன்னும் ரெண்டு அலசல் போதும்."