இடது இன்ஸாஃபுக்கு, வலது அவாதிஃபுக்கு

"போன பெருநாளுக்குக் கொடுத்தியே, அதே அளவு. ஒரு விரல் கூடினாலும் வேணாம்," என்று கடைக்காரர் கிர்கிஸை விரட்டிக்கொண்டிருந்தாள் இன்ஸாஃப்.

அலெக்ஸாந்திரியாவின் பெண்கள் சந்தில், பெருநாளுக்கு முந்தின வாரம் மூச்சு விடவும் இடம் கிடையாது. எதிரெதிரே இரண்டு பருமனான பெண்கள் வந்துவிட்டால் ஒருத்தி ஏதாவது கடைக்குள் ஏறித்தான் ஆக வேண்டும். அங்கே அறுபதைத் தாண்டிய இருவர் ஒரு கடைவாசலையே அடைத்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் போனவர்கள் இடித்துவிட்டு முணுமுணுத்தார்கள். இன்ஸாஃப் யாரையும் சும்மா விடவில்லை.

வாங்க வந்தது ஒரு ஜோடி ஸ்பாஞ்சு. பாடிக்குள் வைத்துக்கொள்கிற வகை.

இன்ஸாஃபுக்கு இடது மார்பு இல்லை. கூட வந்த அவாதிஃபுக்கு வலது இல்லை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது பழக்கம். "உனக்கு எந்தப் பக்கம்டீ?" என்பதுதான் இன்ஸாஃப் கேட்ட முதல் கேள்வி. வலது என்றதும் புதையல் கிடைத்தவள் மாதிரி கையைத் தட்டினாள். கையில் ஊசி இருந்தது மறந்துபோய்விட்டது. நர்ஸ் ஓடிவந்து இருவரையும் சேர்த்து ஏசினாள்.

எல்லாம் கிர்கிஸால் வந்தது. மனுஷர் ஒற்றையாக விற்கவே மாட்டார்.

"செருப்பை ஒத்தையாக் கேப்பீங்களா ஹஜ்ஜம்மா?" என்பார்.

அன்றிலிருந்து பெருநாளுக்குப் பெருநாள் ஒரு ஜோடி. இடது இவளுக்கு, வலது அவளுக்கு. இருவருக்கும் ஒரே அளவு என்பது இன்ஸாஃபின் கட்சி. தன்னுடையது கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது என்று அவாதிஃபுக்குத் தெரியும். சிநேகத்துக்காக விட்டுக்கொடுத்துவிட்டாள்.

ஆனால் இந்த முறை அவாதிஃபிடம் இன்னும் சொல்லாத ஒரு சேதி இருந்தது.

இடது பக்கத்திலும் புற்று வந்திருக்கிறது. ஆரம்பத்திலேயே பார்த்தாயிற்று, பெருநாள் கழித்து எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்திக்கு அவளும் பயப்படவில்லை. இன்ஸாஃபுக்குத்தான் பயந்தாள்.

கேட்டால் இன்ஸாஃப் இடிந்துபோவாள். அது மட்டுமில்லை. இனி இரண்டும் தனக்கே வேண்டும். பங்கு போட இன்ஸாஃப் வேறு ஒருத்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த வேறு ஒருத்தியை நினைத்தாலே அவாதிஃபுக்கு வயிறு எரிந்தது. புருஷன் இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொண்டபோதுகூட இப்படி எரிந்ததில்லை.

ஆகையால் வீட்டிலிருந்தே ஒரு பொய்யைத் தயார்செய்து கொண்டுவந்திருந்தாள். பிறகு ஒருநாள் தனியாக வந்து தனக்கு வாங்கிக்கொள்ளலாம்.

"எனக்கு இந்த வருஷம் வேணாம்டி. பழசே புதுசாட்டம் இருக்கு. ரெண்டையும் நீயே வச்சுக்க."

"ரெண்டை வச்சு நான் என்ன பண்றது? ஒண்ணைத் தலையில கவுத்துக்கவா?"

பக்கத்தில் இரவு உடை பேரம் பேசிக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். அவாதிஃபும் சிரிக்கப் பார்த்தாள். சரியாக வரவில்லை.

இன்ஸாஃப் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. விலையில் இறங்கிவிட்டாள். கிர்கிஸ் ஒன்று சொல்ல, அவள் அதில் பாதி சொல்ல, அவர் கர்த்தரைக் கூப்பிட்டார்.

"அவரை எதுக்குப்பா இழுக்கற? என் புருஷன்கூட உன் அளவுக்குப் பொய் சொன்னதில்ல!"

கிர்கிஸ் தோற்றுப்போய்ப் பெட்டியைத் திறந்து மேசையில் பரப்பினார். "சரி பாத்துக்கங்க ஹஜ்ஜம்மா. நேத்து வந்து சொல்லிட்டுப் போனபடி, ஒரே அளவுல ரெண்டு ஜோடி."

இன்ஸாஃப் அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

"சத்தம் போடாம பையில போடுன்னு சொன்னேனா இல்லையா?"

அவாதிஃப் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு இடது. இரண்டு வலது.

"நேத்தா? நேத்து நீ இங்க வந்தியா?"

"பின்ன? ஒரு வாரமா நீ என்னை ஒரு வார்த்தை திட்டல. முந்தாநாள் என்னடான்னா என் மீன் குழம்பு நல்லா இருக்குன்ற. எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு. உன் மகளைப் பிடிச்சு உலுக்கினேன், சொல்லிட்டா."

"நீ அழுவியேன்னுதான்டி..."

"அழுகையெல்லாம் நேத்தே அழுது முடிச்சாச்சு. இன்னைக்கு விலை பேசத்தான் வந்தேன்."

அவாதிஃபுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நடுச்சந்தில், தொங்குகிற பாடிகளுக்குக் கீழே, சின்னப்பிள்ளை மாதிரி விம்மி அழுதாள். வழி கேட்டு இடித்தவர்களை எல்லாம் இன்ஸாஃப் முழங்கையாலேயே நிறுத்திவைத்தாள். கிர்கிஸ் தலையைக் குனிந்துகொண்டு, இல்லாத எதையோ அலமாரியில் தேடினார்.

அழுகை ஓய்ந்ததும் இன்ஸாஃப் பங்கு பிரித்தாள். ஒரு ஜோடி அவாதிஃபின் பையில். ஒரு இடது தன் பையில்.

மேசையில் ஒரு வலது மிஞ்சியது.

"இது யாருக்கு ஹஜ்ஜம்மா?" என்றார் கிர்கிஸ்.

"ஆளு இன்னும் கிடைக்கலப்பா. இவ ஆபரேஷனுக்குப் படுத்துக்கட்டும், நான் வார்டு வார்டாத் தேடறேன். வலது இல்லாதவளா, நம்ம வாய்க்கு ஈடுகொடுக்கறவளா ஒருத்தி அகப்படாமலா போயிடுவா? இனிமே மூணு பேரா வருவோம்."

அவாதிஃப் தலைத்துணியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, தேடு. ஆனா என்னைவிட அழகா இருக்கக் கூடாது."