விடுதலைப் பத்திரம்

பேனா மூடியை அவள் இன்னும் கழற்றவில்லை.

கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பத்திர எழுத்தர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். எல்லாப் பக்கங்களிலும் அக்கா போட்டு முடித்தாயிற்று. இனி இவள் முறை.

அப்பா கட்டிய வீட்டில் தங்களுக்கு எந்தப் பாத்தியமும் இல்லை என்று தங்கைகள் இருவரும் அண்ணனுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். விடுதலைப் பத்திரம் என்று இதற்குப் பெயர். பெயர் வைத்தவன் கெட்டிக்காரன்.

பதிவு முடிந்த பிறகு தங்கைகளுக்குப் பட்டுச்சேலை கொடுப்பது வழக்கம். அண்ணனுக்குப் பொறுமை இல்லை. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் என்று காரிலேயே கொடுத்துவிட்டான். வாங்கிக்கொண்டவள் மாட்டேன் என்று சொல்லவா போகிறாள்?

படிக்க வைத்தது யார், நகை போட்டது யார் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான்.

உண்மைதான். அவள் மறுக்கவில்லை.

அவள் ஆங்கில ஆசிரியை. போன வாரம் எட்டாம் வகுப்பில் ‘ஓன்’ என்ற சொல்லை நடத்தினாள். சொந்தமாக வைத்திருத்தல். பள்ளி நூலகத்துப் பெரிய அகராதியில் அதன் பூர்வீகத்தையும் பார்த்தாள். கடன்பட்டிருப்பதற்கும், செய்தே ஆக வேண்டிய கடமைக்கும் ஆங்கிலத்தில் உள்ள ‘ஓ’, ‘ஆட்’ என்ற சொற்களும் அதே வேரில் பிறந்தவையாம்.

ஒரு வயிற்றில் மூன்று.

இங்கேயும் மூன்று பேர்தான். சொந்தத்தை அண்ணன் எடுத்துக்கொண்டான். கடனையும் கடமையையும் தங்கைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டான்.

நினைக்க நினைக்கக் கோபம் வந்தது. அழுகை வரவில்லை. அதுவே அவளுக்குத் தெம்பாக இருந்தது.

சார்பதிவாளர் நிமிர்ந்தார்.

“திலகவதி யாரு? சொந்த விருப்பத்தின் பேர்லதானம்மா எழுதிக் குடுக்கறீங்க?”

தினமும் கேட்கிற கேள்வி. பதிலுக்குக் காத்திருந்து அவருக்குப் பழக்கமில்லை. கை முத்திரையை எடுத்துவிட்டது.

“இல்ல சார். எனக்குச் சம்மதமில்ல.”

முத்திரை அப்படியே நின்றது.

அண்ணன் முதலில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“இதுக்கப்புறம் என் வீட்டு வாசப்படிய மிதிச்சிராத.”

அம்மா இல்லாத வீடு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய் வர அவளுக்கு இருந்தது அந்த ஒரு வாசல்தான்.

சேலைப் பையை அவன் கையில் கொடுத்தாள்.

வெளியே அடுத்த டோக்கன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மறுத்தால் என்ன, மற்றவருடைய பங்கை மட்டும் பதியலாம் என்று சார்பதிவாளர் வழி சொன்னார். அண்ணன் உடனே சரி என்றான். கிடைத்தவரை லாபம்.

அலுவலக எழுத்தர் விரல் ரேகைக் கருவியை அக்கா பக்கம் நகர்த்தினார்.

அக்கா மகன் வீட்டு ஹாலில் படுத்து எழுகிறவள். விருந்தாளி வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். யாரையும் எதிர்த்து அறியாதவள்.

“கட்ட விரல வைங்கம்மா,” என்றார் எழுத்தர்.

அக்கா தங்கையைப் பார்த்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை.

ரேகைக்காகக் காத்துக் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

எழுத்தர் இன்னொரு முறை சொன்னார்.

அக்காவின் கை முந்தானைக்குள்ளேயே இருந்தது.