சீவாத குண்டு

"குண்டு பெருசுய்யா! சுழல்துப்பாக்கி அறைக்குள்ள இடிச்சு இறக்கினா, ஈயம் வளையமாச் சீவிக்கிட்டு வருது" என்று எரிந்து விழுந்தான் குண்டு வாங்க வந்த லெமுவல்.

நாட்செஸ் ஊர்க் கடைத்தெருவில் இத்தனை வருஷமாகத் துப்பாக்கி விற்கும் எனக்கே பாடம்!

"சீவினாத்தான்யா சரியான அளவு. சின்னதைப் போட்டா சுடறப்ப இடுக்கு வழியா நெருப்பு பக்கத்து அறை வெடிமருந்துக்குத் தாவும். ஆறு அறையும் ஒண்ணா வெடிச்சுக் கையே போயிடும்."

"நிச்சயமாப் போயிடுமா?"

"போகாம பின்னே?"

"அப்ப சின்னதே குடு."

"யோவ், உனக்குக் கை வேண்டாமா?"

"என் கைக்கு என்ன? துப்பாக்கி ரூஃபஸோடது. நாளைக்கு அவனுக்கு ஒத்தைக்கு ஒத்தை சண்டை. வழக்கப்படி மருந்தும் குண்டும் நிரப்பிக் குடுக்கிற உயிர்த்தோழன் நான்தானே!"

அவன் பூட்ஸ் மேலேயே காறித் துப்பினேன்.