ஏப்ரல் மாதத்து ஹீட்டர்

“எனக்குக் குடி, சீட்டு, சிகரெட் எதுவும் கிடையாதுங்க. ஒரு கார் இருக்கு. அது ஒண்ணுதான்.”

“இருந்துட்டுப் போவட்டும். ஆனா, என்னைக்காவது ஒருநாள் நான் ஒண்ணு கேப்பேன். அன்னைக்கு இல்லன்னு சொல்லக் கூடாது.”

பெண் பார்க்கப் போன அன்று, பெரியவர்கள் போனால் போகிறதென்று ஒதுக்கிக் கொடுத்த கொஞ்ச நேரத் தனிமையில் கோவிந்தராஜனும் வீணாவும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். பெண்ணைப் பிடித்துப்போன மயக்கத்தில், “சத்தியமா தர்றேன்” என்று அவன் வாக்குக் கொடுத்துவிட்டான்.

ஆறு வருடமாகியும் அவள் கேட்கவில்லை. இன்று கேட்டுவிடுவாள் என்று பொம்மனஹள்ளி சிக்னலில் நின்றபோது அவனுக்குத் தோன்றியது.

உச்சி வெயில். ஆனேக்கல்லில் சித்தி மகள் கல்யாணத்துக்காகப் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக அவள் வந்திருந்தாள். அவள் காலடியில் காரின் ஹீட்டர் அனலாய் ஊதிக்கொண்டிருந்தது.

எல்லாம் சூப்பர்சார்ஜர் செய்த வேலை. அந்தப் பழைய காரில் கோவிந்தராஜன் ஆசை ஆசையாகப் பொருத்தியது. எஞ்சினுக்குள் காற்றைத் திணித்துத் திணித்து வேகத்தைக் கூட்டியது. கூடவே சூட்டையும் கூட்டியது. பெரிய ரேடியேட்டர் வைத்தான். இன்னொரு ஃபேன் மாட்டினான். பானெட்டில் துளைகூடப் போட்டான். அப்படியும் அடங்காத சூட்டுக்கு மெக்கானிக் நாகேஷ் சொன்ன கடைசி வைத்தியம்தான் இந்த ஹீட்டர். எஞ்சினில் இருக்கும் சூட்டைக் காருக்குள் இழுத்துவிடும். எஞ்சின் பிழைத்தது, உள்ளே இருப்பவர்கள் வெந்தார்கள்.

“ரொம்ப சுடுதா வீணா?”

“இன்னும் ரெண்டு நிமிஷம். வெந்ததும் இறக்கிடுங்க” என்றாள் அவள், முந்தானையால் விசிறிக்கொண்டே.

கோபித்துக்கொண்டால்கூடத் தேவலை. அவள் சிரிப்புதான் அவனைப் பயமுறுத்தியது. மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்கென்று கிளம்புகிறவள், நாகேஷின் ஒர்க்‌ஷாப் பக்கமிருந்து திரும்பி வருகிறாள். போன வாரம் தொலைபேசியில், “அவருக்குத் தெரிய வேணாம் நாகேஷ், நானே சொல்லிக்கிறேன்” என்று கிசுகிசுத்ததும் அவன் காதில் விழுந்தது. நாகேஷைக் கேட்டால், “அக்கா சும்னே... சும்மாதான் போன் பண்ணாங்கண்ணா” என்று ஏதோ ஒரு காரின் அடியில் புகுந்துகொண்டான்.

காரை விற்க ஆள் பார்த்தாகிவிட்டது. வேறென்ன?

அவளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. காரைக் கழுவும்போது பார்த்திருந்தான். அவள் பக்கத்து ரப்பர் மிதியடியில், வலது கால் படுகிற இடம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. ஹீட்டர் சூட்டில் ரப்பரே இளகியிருக்கிறது, அவள் கால் என்ன பாடு பட்டிருக்கும் என்று அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் நின்ற இளைஞன் காரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அவ்வளவுதான், கோவிந்தராஜனின் கால் சும்மா இருக்குமா? நின்ற இடத்திலேயே ஆக்ஸிலரேட்டரை மிதித்து, இரண்டு முறை உறும விட்டான்.

“சூடு காட்டற முள்ளு ஏறுது” என்றாள் வீணா.

அவன் குனிந்து பார்ப்பதற்குள் பானெட்டின் துளைகள் வழியே ஆவி கிளம்பிவிட்டது. சிக்னலைத் தாண்டி, இளநீர்க்காரரின் மரத்தடியில் காரைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். அவன் பானெட்டைத் தூக்கிவிட்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான்.

“ஐயோ, மூடியத் தொடாதீங்க! ஆறட்டும். பீச்சி அடிச்சா மூஞ்சி போயிடும்.”

ஆளுக்கொரு இளநீர் குடித்தார்கள். சூடு தணிந்ததும் அவளே டிக்கியிலிருந்து கேனை எடுத்து வந்து, துணி போட்டு மூடியைத் திறந்து, நிதானமாகத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவனெதிரே வந்து நின்றாள்.

“ஏங்க, அன்னைக்கு ஒண்ணு கேப்பேன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?”

கோவிந்தராஜனின் கை தானாகக் காரைத் தடவியது.

“இருக்கு. வாக்கு வாக்குதான். ஆளு நல்லவனா வீணா? இதப் பத்திரமா வச்சுக்குவானா?”

“எந்த ஆளு?”

“வாங்கப் போறவன்.”

வீணா அவனை விழித்துப் பார்த்தாள். பிறகு, இளநீர்க்காரர் அரிவாளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

“இத விக்கறதா? நல்லா இருக்கே கதை! சிக்னலுக்கு சிக்னல் நீங்க உறும விட்டா எந்த எஞ்சின்தான் கொதிக்காது? பக்கத்துல உக்காந்து, இல்லாத பிரேக்க மிதிச்சு மிதிச்சு என் காலே தேஞ்சு போச்சு.”

பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் கையை நீட்டினாள்.

“நாகேஷ் கத்துக் குடுத்தாரு, லைசென்ஸும் வந்தாச்சு. சாவியக் குடுங்க, நான் ஓட்டறேன்.”